ஓலை வாசிக்கும் முன்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் எண்ணிய கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 78,500 பேர். மொத்த மக்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். காரைக்கால், மாகே, ஏனாம் மூன்றும் இதில் அடக்கம். கைக்குழந்தையும் கிழவரும் அடக்கம். கத்தோலிக்கர் அல்லாத சபையினரும் அடக்கம். சிங்கிரிகுடி நரசிம்மர் கோவிலை ஒட்டிய அபிஷேகப்பாக்கத்தில் ஒரு கத்தோலிக்க வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே நர்சாக வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். அந்த 78,500-இல் பெண்களைக் கழித்து, சிறுவரையும் மணமானவரையும் கழித்து, குருமடத்துக்குப் போனவர்களைக் கழித்து, முறையில்லாத சொந்தத்தையும் கழித்துவிட்டால் மிச்சம் எத்தனை பேர்? அந்தச் சிலரும் எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு யார் சொல்வார்கள்?

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இணையத்தில் வரன் தேடுவது சில ஆண்டுகளில் சாதாரணமாகிப்போனதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான். மோகமோ நாகரிகமோ காரணம் என்று சொல்கிறவர்கள் இந்தச் சின்னக் கூட்டத்துக்குள் ஒரு துணையைத் தேடிப் பார்க்காதவர்கள்.

முன்பு இந்தத் தேடலைச் செய்தவர்கள் உபதேசியார்கள், கன்னியர், சொந்தக்காரர்கள், கலியாணத் தரகர்கள். பாஸ்காவுக்குப் பின் வரும் வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவில் தேர்ப்பவனி பார்க்க வந்த குடும்பங்கள் பெண்ணையும் பிள்ளையையும் அங்கேயே அடையாளம் காட்டிவிடும். அந்த ஏற்பாட்டைப் பற்றி இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. அதன் நல்ல பக்கத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன்: பேசுகிற ஆளைத் தெரியும், அவர் பொய் சொன்னால் அடுத்த ஞாயிறு பூசையில் அவர் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு யாரைக் கைவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தகப்பன் இல்லாத வீடு, கைம்பெண், காலில் குறையுள்ள பிள்ளை, நிறம் குறைந்த பெண், முதல் நிச்சயம் முறிந்துபோன பெண், தரகருக்குக் கொடுக்கக் காசில்லாத குடும்பம் என்று அது ஒதுக்கியவர்களின் பட்டியல் நீளமானது. 'பார்க்கலாம், சொல்றேன்' என்ற ஒரே பதிலில் பத்து வருடம் காத்திருந்த வீடுகள் எந்தப் பங்கிலும் உண்டு.

இணையத் தேடலின் பெரிய பலம் இங்கேதான். முருகவேல் ஜானகிராமன் 1997-இல் அமெரிக்காவிலிருந்தபடி தமிழருக்காகத் தொடங்கிய இணையதளத்தில் திருமண விளம்பரம் ஒரு பக்கமாகத்தான் இருந்தது. இன்று மேட்ரிமோனி.காம் சென்னையிலிருந்து நடக்கும் பெரிய நிறுவனம். கிறிஸ்தவருக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. கேரளத்தில் சி.எம்.ஐ. துறவற சபையினர் நடத்தும் சாவறா மேட்ரிமோனி தொண்ணூறுகளிலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. கைம்பெண் ஒருத்தி யாருடைய முகத்தையும் பார்த்துக் கூச்சப்படாமல் 'மறுமணம்' என்று குறித்துப் பதிவு செய்யலாம். காரைக்காலில் இருக்கிற பிள்ளையைப் பற்றி அபிஷேகப்பாக்கத்து வீடு அறியலாம். வேண்டாம் என்றால் பெண்ணே ஒரு தட்டலில் வேண்டாம் என்று சொல்லலாம். பஜ்ஜியும் காப்பியும் வைத்து, எட்டுப் பேர் முன்னால் வந்து நின்று, பிறகு பதில் வராமல் அவமானப்படுகிற அந்தச் சடங்கு குறைகிறது. பெண் பார்க்கும் சடங்கில் நம் பெண்கள் பட்ட அவமானத்தை நினைத்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே இணையத்தை வரவேற்கத் தோன்றுகிறது.

ஆனால் அந்தத் தட்டலைச் செய்வது யாருடைய விரல்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ப்ரொஃபைலை அம்மா நிரப்பினார். மகள் தன்னைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தாள். 'மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி உண்டு. கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன்' என்பது அதில் ஒரு வரி. அம்மா அந்த வரியை எடுத்துவிட்டு, 'குடும்பப் பாங்கானவள், இறைப்பற்று உள்ளவள்' என்று போட்டார். கைப்பேசி எண்ணும் அம்மாவுடையதுதான். வந்த விருப்பங்களில் எவற்றுக்குப் பதில் போடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். மூன்றாவது முறை பேச்சு முறிந்தபோதுதான், நைட் டியூட்டி விஷயம் ஒவ்வொரு முறையும் கடைசியில் தெரியவந்து தகராறு ஆனது மகளுக்குத் தெரிந்தது. அந்த அம்மா கெட்டவர் அல்லர். தன் மகளுக்கு வாசல் திறக்கும் என்று நினைத்துத்தான் அழித்தார். ஆனால் அவர் அழித்தது, சரியான ஆளைக் கண்டுபிடித்துத் தரக்கூடிய ஒரே வரியை. திருச்சபைச் சட்டத்தில் திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். வேறு எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது. 1983-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பின் 1057-ஆம் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சம்மதம் பீடத்தின் முன்னால் திடீரென்று பிறப்பதில்லை. தேடும்போதே தன் பெயரில் தானே பேசுகிற பெண்ணிடம்தான் அது வளரும்.

இனி அந்தப் படிவத்தின் அடுத்த கட்டத்துக்கு வருவோம். மதம்: கிறிஸ்தவம். பிரிவு: ரோமன் கத்தோலிக்கம். அதற்கடுத்து, சாதி.

கத்தோலிக்கர் என்று தேர்ந்தெடுத்த பிறகும் நம் தளங்கள் சாதியைக் கேட்கின்றன. நாமும் நிரப்புகிறோம். ஏற்கெனவே சின்னதாயிருக்கும் கூட்டத்தை அந்த ஒரு கட்டம் இன்னும் நாலைந்து துண்டாக வெட்டிவிடுகிறது. வரன் கிடைக்கவில்லை என்று இணையத்துக்குப் போன குடும்பம், போன கையோடு தன் தெருவையும் அங்கே கட்டிக்கொள்கிறது. இதற்குத் தளத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சாதியைத் தேடுகிறவர்கள் இருப்பதால்தான் அந்தக் கட்டம் இருக்கிறது.

இந்த மண்ணில் இது புதிதும் அன்று. புதுச்சேரியில் இன்று ஜென்மராக்கினி மாதா பேராலயம் நிற்கிற இடத்தில் முன்பு இருந்த சம்பா கோவிலுக்குள், தலித் கிறிஸ்தவரைத் தனியே பிரித்து ஒரு சுவர் நின்றது. அதைக் குறித்து 1745-இல் எழுந்த தகராறையும் சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு 263 ஆண்டுகளுக்குப் பிறகு, இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டதையொட்டி மோதல் வெடித்தது. 2008 மார்ச் 9-இல் அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். கல்லறையிலும் தேரிலும் சாதி பார்க்கக் கூடாது என்று மேடையில் பேசுகிற நாம், கைப்பேசிக்குள் நம் பிள்ளையின் பெயருக்கு நேரே அதையே எழுதிக் கொடுக்கிறோம். சுவரை இடித்தவர்கள் இருந்த ஊரில் இது வெட்கப்படவேண்டிய காரியம்.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையைப் போலவே, புதுச்சேரிக்கென 1964-இல் வந்த ஆணையும் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. அதனால் ஞானஸ்நானம் வாங்கி, ஞாயிறு பூசைக்குப் போய், சாதிச் சான்றிதழில் மட்டும் 'இந்து' என்று வாழும் குடும்பங்கள் இந்தக் கிராமங்களில் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, அரசு வேலையில் இருக்கும், அல்லது வேலைக்குக் காத்திருக்கும் ஒரு தலித் கத்தோலிக்க இளைஞர் தன் படத்தையும் பெயரையும் போட்டு 'ரோமன் கத்தோலிக்கம்' என்று ஊரறியப் பதிவு செய்வாரா? செய்யத் தயங்குவார். இந்துப் பிரிவில் பதிந்தால் கத்தோலிக்கப் பெண் அவரைக் காணமாட்டாள். எங்கும் பதியாவிட்டால் யாருமே காணமாட்டார்கள். மத மாற்றத்தோடு தீண்டாமை தீர்ந்துவிடவில்லை என்று தெரிந்தும் அரசு அவருக்குச் சலுகையை மறுக்கிறது. சாதி ஒழியவில்லை என்று தெரிந்தும் சக கத்தோலிக்கர் அவருக்குப் பெண் மறுக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடிவாங்குகிற அவருக்கு இணையம் ஒரு வாசலைக்கூடத் திறக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான சந்தை என்று இதைப் புகழ்கிறவர்கள் அவரை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சாதியைப் போலவே வரன் தேடலில் எடைபோடப்படும் பிரெஞ்சு நேஷனாலிட்டி விவகாரம் புதுச்சேரிக்கே உரியது. 1962-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த கைமாற்ற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகளுக்கு வரன் சந்தையில் இன்றும் தனி விலை. ப்ரொஃபைலில் அந்த இரண்டு சொல் இருந்தால் வயது வித்தியாசம், குடிப்பழக்கம் எல்லாம் மறக்கப்படுகின்றன. பிரெஞ்சுக் குடிமகன் இங்கே மணம் முடிக்கவேண்டுமானால் முன்கூட்டியே துணைத் தூதரகத்தில் மணத் தகுதிச் சான்று வாங்கவேண்டும் என்பதையாவது பெண் வீட்டார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அந்தச் சான்றைக் கேட்டாலே பல பொய்கள் வெளிவந்துவிடும்.

பொய்யைப் பற்றிப் பேசும்போது ஓலையைப் பற்றிப் பேசாமல் முடியாது. கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் பூசையில் மூன்று முறை ஓலை வாசிக்கிற வழக்கம் அலங்காரத்துக்கு வந்ததன்று. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் திருமண அறிவிப்பை எல்லா இடத்துக்கும் பொதுவாக்கியது. ரகசியத் திருமணங்கள் குடும்பங்களைச் சீரழித்ததைக் கண்டு, 1563-இல் திரிதெந்து சங்கம் பங்குத்தந்தையும் சாட்சிகளும் முன்னிற்கவேண்டும் என்று சட்டம் செய்து, மூன்று அறிவிப்புகளையும் வற்புறுத்தியது. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரைக் கூட்டிக் கேட்பதுதான் அதன் பொருள். ஊருக்கு ஆளைத் தெரியும் என்ற நம்பிக்கையில் நிற்கிற ஏற்பாடு அது.

இணையத்தில் கண்ட மாப்பிள்ளைக்கு அந்த நம்பிக்கை பொருந்துவதில்லை. ஓலை அவர் பிறந்த பங்கிலும் வாசிக்கப்படும். ஆனால் அவர் படிக்கப் போனது பதினெட்டு வயதில், பிறகு பெங்களூரில் ஏழெட்டு வருடம், நடுவே துபாய். ஊரில் அவரை அறிந்தவர்கள் அறிந்தது ஒரு பள்ளிக்கூடப் பையனை. அதற்குள் மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டது. மூன்றாம் ஓலையில் ஒருவர் எழுந்து தடை சொன்னால், அவர் குடும்பத்துக்கே எதிரியாகிவிடுவார். ஆகவே ஒருவரும் எழுவதில்லை.

எந்தெந்த இடத்தில் குட்டு உடைகிறது என்று பாருங்கள். 'கிறிஸ்தவம்' என்று மட்டும் பார்த்துப் பேசி முடித்த பிள்ளை பெந்தெகொஸ்தே சபையில் இருப்பது பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்று கேட்கும்போது தெரியவருகிறது. பிற சபையில் ஞானஸ்நானம் பெற்றவரோடு மணம் முடிக்கத் திருச்சபை அதிகாரியின் அனுமதி வேண்டும். ஞானஸ்நானமே பெறாதவரானால் விதிவிலக்கு வேண்டும். இரண்டும் கிடைக்கக்கூடியவைதான். ஆனால் பிள்ளைகள் எந்த நம்பிக்கையில் வளர்வார்கள் என்ற கேள்வியை நிச்சயத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பேசுவது எவ்வளவு தாமதம்!

இதைவிடக் கொடிது 'விவாகரத்தானவர்' என்கிற கட்டம். நாட்டுச் சட்டப்படி விவாகரத்து வாங்கியவர் தளத்தில் மறுமணத்துக்குத் தகுதியானவர். திருச்சபையிலோ, முதல் திருமணம் செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தாலன்றி அவர் ஆலயத்தில் மறுபடி மணம் முடிக்க முடியாது. பல தளங்களின் படிவம் இந்த வேறுபாட்டைக் கேட்பதில்லை. கேட்காததால் தீர்ப்பாயத்தில் பல மாதம் அலைந்து முறைப்படி விடுதலை பெற்றவரும், அந்தப் பக்கமே போகாதவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னவருக்கு அது அநியாயம். பின்னவரை நம்பி நிச்சயம் செய்த பெண்ணுக்கு அது பேரிடி. ஒரே ஒரு கட்டத்தைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் குறை இது. கத்தோலிக்கர் சேர்ந்து கேட்டால் எந்த நிறுவனமும் செய்து தரும்.

மறைத்துச் செய்த திருமணத்தைப் பற்றித் திருச்சபைச் சட்டம் கடுமையாகவே பேசுகிறது. தம்பதியரின் கூட்டுவாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒரு தன்மையைக் குறித்து, சம்மதம் பெறுவதற்காகவே வேண்டுமென்று ஏமாற்றியிருந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது 1098-ஆம் விதி. ஆனால் அந்த விதி உதவிக்கு வருவது எல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் கையில் குழந்தையும் இருக்கலாம்.

பணம் பறிக்கும் மோசடி வேறு வகை. லண்டன் டாக்டர் அனுப்பிய பரிசுப் பார்சல் டெல்லி விமான நிலையத்தில் மாட்டியிருக்கிறது, சுங்கவரி கட்டுங்கள் என்று வரும் அழைப்பு எல்லா மதத்தாரையும் ஏமாற்றியிருக்கிறது. ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசவேண்டும். திருமணத் தளங்கள் பதிவு செய்வோரின் அடையாளச் சான்றைப் பெறவேண்டும், தங்கள் தளம் திருமணத்துக்கு மட்டுமே என்று அறிவிக்கவேண்டும் என மத்திய அரசு 2016 ஜூனில் நெறிமுறை வெளியிட்டது. அடையாள அட்டை ஆள் யார் என்பதைக் காட்டும். அவர் ஏற்கெனவே மணமானவரா, குடிப்பாரா, பூசைக்குப் போவாரா என்பதை எந்த அட்டையும் காட்டாது.

அமெரிக்காவில் 1999 முதல் இயங்கும் கத்தோலிக் மேட்ச் என்ற தளத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அது சாதியைக் கேட்பதில்லை என்பது சொல்லாமலே தெரியும். அது கேட்பது நம்பிக்கையை: நற்கருணையில் கிறிஸ்துவின் பிரசன்னம், கருத்தடை, திருமணத்துக்கு முன் உறவு, திருத்தந்தையின் தவறா வரம் ஆகியவற்றில் திருச்சபையின் போதனையை ஏற்கிறீர்களா என்று. ஒரு மனிதரின் விசுவாசத்தை ஆம், இல்லை என்று அளப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் போட்டவர் நல்ல கணவராவார் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் அங்கே சந்திக்கும் இருவர் முதல் பேச்சிலேயே வாழ்க்கையை எப்படி நடத்துவது என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நம் வீடுகளில் முதல் பேச்சு சம்பளம், சொந்த வீடு, எத்தனை பவுன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க' என்ற வாக்கியம் இன்னும் போகவில்லை. இணையத்திலும் அதே வாக்கியம் வாட்ஸ்அப்பில் வருகிறது.

டேட்டிங் செயலிகளைப் பற்றிப் பங்குகளில் ஒரே பயம். கல்லூரிப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பொழுதுபோக்குக்கு வந்தவரும் திருமணத்துக்கு வந்தவரும் ஒரே இடத்தில் கலந்து நிற்பது அதன் ஆபத்து, அதிலும் பெண்ணுக்கு. என்றாலும் பெற்றோரின் விரல் படாமல் பிள்ளைகளே பேசுகிற ஒரே இடமாக அதை விட்டுவைத்தது நாம்தான். திருமணத் தளத்தில் அவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் அங்கே போயிருக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஆக, வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கத்தோலிக்கர் இணையத்தில் வரன் தேடலாமா? தேடவேண்டும் என்பதே என் முடிவு. கூட்டம் சின்னது, தேடாவிட்டால் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் தளம் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பங்குதான் செய்யவேண்டும், இப்போது செய்வதைவிட முன்னதாகச் செய்யவேண்டும். பேச்சு தொடங்கிய கையோடு, நிச்சயத்துக்கு முன்பே, இரண்டு பங்குத்தந்தையரும் ஒரு கடிதம் கொடுக்கலாம்: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், மணம் முடிக்கத் தடையில்லாத நிலை, எத்தனை வருடமாகப் பங்கில் இருக்கிறார். வெளியூரில் வேலை பார்ப்பவரானால் அங்குள்ள பங்கிலிருந்தும் ஒன்று. சாமியாருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது உண்மைதான். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் தலைவர்கள் விசாரித்துச் சொன்னால் அவர் கையெழுத்திட ஐந்து நிமிடம் போதும். அந்தக் கடிதத்தில் சாதி ஒரு சொல்லாகக்கூட இருக்கக் கூடாது.

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். ப்ரொஃபைலை மகள் கையில் கொடுங்கள். அவளே எழுதட்டும், அவளே பதில் போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சாதிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கடிதம் கேட்டால் தராமல் இழுத்தடிக்கிற வீட்டோடு அன்றைக்கே பேச்சை நிறுத்திவிடுங்கள், பிரெஞ்சு நேஷனாலிட்டியே இருந்தாலும்.